கை

தாதர் பார்சி காலனி, இரண்டாம் மாடி.
மருந்துச் சீட்டில் பெயர்: கைகோபாத் தாருவாலா.
"கை என்றால் பழைய பாரசீகத்தில் அரசன்"
என்கிறார் பாதி உதட்டால்.
எனக்கு அது கைதான், சேட்.
பந்தை அமுக்குங்கள்.

அமுக்காமல் எண்ணுகிறார்:
மலையிலிருந்து அழைத்துவந்து முடிசூட்டிய முதலாமவன்,
ரூம் நாட்டு சுல்தான்கள் மூவர்,
அப்புறம் அந்த தில்லிப் பையன்.
பதினேழில் பட்டம்.
மூன்றே வருஷத்தில் வாதம்.
கிடந்தவனைப் போர்வையில் சுருட்டி
யமுனையில் போட்டார்கள்.

காலடிப் போர்வையை
நான் சற்றுத் தள்ளி வைக்கிறேன்.

பந்து நழுவி அலமாரிக்கடியில் ஓடுகிறது.
துழாவி எடுத்து நிமிர்ந்தால்
வெறும் விரிப்பின்மேல்
நடுவிரல் ஒருமுறை மடங்கி நீள்கிறது.

"மகளிடம் சொல்லாதே" என்கிறார்.
"உன்னை நிறுத்திவிடுவாள்."