ஜோர்

பேராதனையில் சிங்களத்தில் சண்டை பிடிக்கக் கற்றேன்.
ஹைதராபாத்தில் உருதுவில் மன்னிப்புக் கேட்க.
நம் ஒற்றைக் ககரம் கிடந்த இடத்தில்
ஐந்து எழுத்துகளைத் தனித்தனியே குடிவைத்தார்
பேராசிரியை நாஹீத்.
ஐந்தாவது தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டும்.
வரவில்லை.
இரண்டு மழைக்காலம் வரவில்லை.
மூன்றாவதில், தயிர்சோறு விக்கி இருமியபோது
வந்தது. வகுப்பே கைதட்டியது.

ஆய்வுத் தலைப்பு நான்கு வரி நீளம்.
சுருக்கினால்:
உருது பேசாத ஊரில் உருது என்ன செய்துகொண்டிருக்கிறது?

நூற்றிருபது வினாத்தாளோடு திருகோணமலையில் இறங்கினேன்.
பஸ் நிலையத்து மான் ஒன்று
முதல் தாளைத் தின்றது.
மீதி நூற்றுப் பத்தொன்பது.

"அப்பிடியொரு பாஷை இந்த மாவட்டத்தில இல்லை, மிஸ்"
என்றார் கச்சேரியில் சற்குணநாதன்,
ரத்து, பாக்கி, சிபாரிசு என்று
கோப்புகளைத் தரம்பிரித்தபடி.
கச்சேரி என்ற சொல்லுக்குள்ளேதான்
கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்கு அனுமதிக் கடிதம் வேண்டும்.

ஜமாலியாவில் ஒரு பெயரின் வாலில் கான் இருந்தது.
மஸாஹிர் கான், கொட்பேயில் ஐஸ் உடைப்பவர்.
"வாப்பாட வாப்பா பட்டாளத்தோட வந்தவர்.
பட்டாளம் போயித்து, அவர் போகல்ல.
பாஷையெல்லாம் அவரோட மவுத்தாப் போயித்து.
ஒரு சொல்லு மட்டும் இரிக்கி."

கரைவலை இழுக்கையில் கத்துவாராம்:
ஜோர்! ஜோர்!
வலையில் பாசியும் செருப்பும் வந்த நாளிலும்
ஜோர் என்பாராம்.
கயிற்றின் கடைசி நுனியில்
ஏழு வயது மஸாஹிர்.
"என்னையப் பாத்துத்தான் சொல்லுவார்.
வேற ஆரும் என்னைய
நல்லா இரிக்கி எண்டு சொன்னதில்ல."

அப்போதுதான் அதைச் செய்தேன்.
தகவலாளிக்குத் திருத்தம் சொல்லாதே என்று
முதலாண்டிலேயே படித்தவள்
திருத்தம் சொன்னேன்:
அவருடைய பாஷையில் அது பாராட்டு இல்லை, நானா.
பலம் என்று பொருள்.
பலமாய் இழு என்றிருக்கிறார்.

சுத்தியல் நின்றது.
குளிர் அறையின் மோட்டார் மட்டும் ஓடியது.
ஒரு லொறி பின்னுக்கு வந்து, ஆள் இறங்கி,
எங்களைப் பார்த்துவிட்டுப் போனான்.

"இல்ல மிஸ்" என்றார் கடைசியில்.
"நீங்க சொல்லப் படிச்சிருக்கிறீங்க.
நான் அவர்ர முகத்தப் பாத்தன்."

இரவு, ஓர்ஸ்ஹில் அறையில்,
பதிவைக் கேட்டு எழுதினேன்.
பதினேழாம் கேள்வி. சொல்: ஜோர். பொருள்:
அந்தக் கட்டம் ஒரு விரல் அகலம்.
வெறுமையாய் விட்டேன்.

அதற்குப் பிறகு நாற்பது விநாடிக்கு
ஐஸ் உடையும் சத்தம் மட்டும்.
கேட்ட எதையும் விடக்கூடாது என்பது விதி.
'க்' என்று எழுதிப் பார்த்தேன். போதவில்லை.
அழித்துவிட்டு
அந்த ஐந்தாவது எழுத்தால் எழுதினேன்,
நாற்பது விநாடியும்.