மூன்றாவது கட்டம்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால்
என் போட்டோகொப்பிக் கடை.
இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று
என் விரல் மைக்குத் தெரியும்.
இரசாயனம்தான் அதிகம் ஓடும்.
உயர்தரம் முடிந்த கிழமை
கட்டுக்கட்டாய்ப் பழைய டியூட்டுகள் வந்து
கடலைச் சுருளாகும்.

நிலோஜினி படிவத்தை விரித்தாள்.
பௌதிகவியல், இரசாயனவியல், பேனையால்.
மூன்றாவது கட்டம் பென்சிலால்,
அழித்து அழித்துத் தாள்
பஞ்சாய்க் கிளம்பியிருந்தது.

"உயிரியல் போட்டா என்ஜினியர் இல்லை,
கணிதம் போட்டா டொக்டர் இல்லை.
பதினாறு வயசில, அம்மா,
இல்லை எண்டு சொல்ல
ஆர் பழக்கினவை?"

தகப்பன் டோஹாவிலிருந்து
'டொக்டர்' என்று தொடங்கினார்.
லைன் அறுந்தது, நல்லது.

எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்.
அந்தக் கட்டத்தை வெள்ளைத் துண்டால் மறைத்து
இரண்டு பிரதி.
ஒன்றில் உயிரியல், ஒன்றில் இணைந்த கணிதம்
அவளே எழுதினாள்.
இரண்டும் பேனை.

திங்கள் காலை ஒன்றை மடித்துக்கொண்டு
நூறாம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடினாள்.
மற்றது மெஷின் மூடியில் ஒட்டிக் கிடந்தது
ஒரு பையனின் அடையாள அட்டையை
நகலெடுத்தபோதுதான் தெரிந்தது:
அட்டையைச் சுற்றிப் படிவத்தின் கோடுகள்,
மூன்றாவது கட்டத்தின் மேல்
அவன் முகம்.

அவனுக்கு வேறு பிரதி கொடுத்தேன்.
படிவத்தைத் திருப்பிப் பார்க்காமல்
லாச்சியில் வைத்தேன்.
முதல் தவணை முடியுமட்டும்
பாடம் மாத்தலாமாம்.