காலுறை, எட்டு டாலர் முப்பத்தைந்து

இருபத்தைந்து வயது ஆகாதவர் ஓட்டினால்
வாடகைக் காருக்கு நாளொன்றுக்கு இருபது டாலர் கூடுதல்.
எங்கள் நால்வரில் அந்த வயதைத் தொட்டவன்
ஜஸ்கீரத் மட்டும்.
அதனால் அவனே ஓட்டுநர்,
என்ன பாட்டு, எப்போது நிறுத்தம்,
ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா
எல்லாம் அவன் ராஜ்ஜியம்.

தண்டர் பே. சனிக்கிழமை காலை ஏழு மணி. அக்டோபர்.
கண்ணாடியில் படிந்த உறைபனியை
நூலக அட்டையால் சுரண்டினாள் ஆர்ணிகா.
அம்மாவிடம் நான் சொல்லியிருந்தது:
அசைன்மென்ட் இருக்கு, ரெண்டு நாளைக்கு போன் எடுக்க மாட்டேன்.
என் மடியில் எலுமிச்சைச் சாதம்.
சியோமாவின் மடியில்
இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பெர்ஷியன் பன், ஒரு டஜன்.
புறப்படும்போது ஒரு டஜன்.

நிப்பிகன் பாலம் தாண்டியதும்
செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
மூஸ் கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகைகள்
பதினான்கு எண்ணினோம்.
மூஸ் ஒன்றுகூட வரவில்லை.
"அதுக்கும் லோங் வீக்கெண்ட்தானே" என்றாள் ஆர்ணிகா.

ஏரியைப் பார்த்ததும் எனக்குக் கடல்தான்.
குனிந்து, விரல் நனைத்து, நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.
உப்பே இல்லாமல் இவ்வளவு தண்ணீர்
எதற்காக என்று யோசித்துக்கொண்டிருந்தபோது
கூழாங்கல் வழுக்கி
முழங்கால் வரை உள்ளே போனேன்.

அதைக் குளிர் என்று சொல்ல முடியாது.
எலும்பில் யாரோ ஆணியால்
தன் பெயரைக் கீறுவதுபோல.
ஜஸ்கீரத் சிரித்தான். பிறகு பயந்தான்.
பிறகு பையைத் துழாவி
மாற்றுத் தலைப்பாகைத் துணியை எடுத்து நீட்டினான்.
அதைக் காலில் சுற்ற எனக்கு மனம் வரவில்லை.
அவன் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

ஷ்ரைபர் பெட்ரோல் பங்க்கில்
சியோமா இறங்கிப் போய்
கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வாங்கி வந்தாள்.
இரண்டிலும் மூஸ் படம்.
ஒருவழியாக, மூஸ்.

இரண்டு பேர் என்று எழுதிக்கொடுத்து
விடுதி அறையில் நால்வர் படுத்தோம்.
ஆர்ணிகா பின்கதவு வழியாக,
ஜஸ்கீரத் பத்து நிமிடம் கழித்து,
கையில் ஐஸ் வாளியோடு, ரொம்ப நாள் தங்கியவன்போல.
விளக்கணைத்த பிறகுதான் தெரிந்தது,
யாருமே வீட்டில் உண்மை சொல்லவில்லை.
மூன்று நாடுகள், நான்கு அம்மாக்கள்,
ஒரே அசைன்மென்ட்.

திரும்பி வந்ததும் கார், பெட்ரோல், அறை
எல்லாவற்றையும் நான்கால் வகுத்தது செலவுக் கணக்குச் செயலி.
என் பெயரில் மட்டும் ஒரு வரி மிஞ்சியது:
சியோமாவுக்குத் தர வேண்டியது.
காலுறை. 8.35.

மூன்று வருடம் ஆகிறது.
ஜஸ்கீரத் சாஸ்கட்டூனில் மண் பரிசோதிக்கிறான்.
ஆர்ணிகா கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள்,
வர முடியாதவர்களுக்கு என்று ஒரு லிங்க்கும்.
சியோமா ஹாலிஃபாக்ஸில், மருத்துவமனை வேலை.
நான் இங்கேயே.

கடன் அன்பை முறிக்கும் என்று
எங்கள் தெரு மளிகைக் கடையில் பலகை தொங்கும்.
அதற்கு நேர் கீழேதான்
கடன் நோட்டும் கிடக்கும்,
நூலில் கட்டிய பேனாவோடு.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி
செயலி நினைவூட்டுகிறது.
விரல் வைத்தால் தீர்ந்துவிடும்.
வைத்ததில்லை.
அவளும் தள்ளுபடி செய்ததில்லை.

போன செவ்வாய் பின்னிரவு இரண்டரைக்கு
மறுபடி வந்தது: 8.35.
முதல் தேதி இல்லை.
முதல் தேதி இல்லாத நாளில்
அது தானாக வராது,
ஆள் அழுத்த வேண்டும்.
ஹாலிஃபாக்ஸில் அப்போது மூன்றரை.

என்ன ஆச்சு என்று எழுதி, அழித்தேன்.
குதிகால் ஓட்டை வழியே
கட்டில் சட்டத்தின் இரும்பு சில்லிட்டது.
புதிய வரி ஒன்று சேர்த்தேன்:
தேநீர், இருவருக்கு, 4.20.
இன்னும் குடிக்காதது.

பணம் கட்டியது யார் என்று கேட்டது திரை.
சியோமா என்று போட்டேன்.