பதினோரு நிமிடம்

மின்வாரிய லாக் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது:
குன்னூர், ரயில்வே இன்ஸ்டிடியூட், இரவு 9.12,
ஃபியூஸ் போனது. காரணம், மரக்கிளை.
சரிசெய்த நேரம் 9.40.
ஒன்பது இருபத்தொன்பதுக்கே கம்பி கட்டி முடித்துவிட்டேன்.
மீதிக்கு இப்போது கணக்குச் சொல்கிறேன்.

நான் காரமடைக்காரன். அதுவரை
டீக்கடை ரேடியோ தந்ததுதான் எனக்குப் பாட்டு.
வாசல் பலகையில் சாக்பீஸால் ஜாஸ் என்று எழுதி
மழை பாதியை அழித்திருந்தது.
தகரக் கூரைமேல் ஐப்பசி.
உள்ளே முப்பது பேர்,
மேடைவரை எட்டாத ஒரு மெழுகுவத்தி.
அவர்கள் நிறுத்தவேயில்லை.

வராந்தாவில் ஏணி. இடக்கையில் டார்ச்,
வலக்கையில் ஃபியூஸ் கேரியர்.
உள்ளே தள்ளினால் போதும், வெளிச்சம்.

அப்போதுதான் ஹூபர்ட் டி'ரோசாரியோ ஊதினார்.
அருவங்காடு வெடிமருந்து ஆலையில்
இடக்கை விரல் இரண்டை விட்டவர்.
டிரம்பெட்டுக்கு வலக்கை மூன்று போதும் என்று
ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொன்னவராம்.
ஊதுவாயில் ஒரு அலுமினியப் போணியைக் கவிழ்த்திருந்தார்.
யாரோ வாசலில் நின்று
உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் இருந்தது.
கேட்டுவிட்டு, பதில் வருமுன்
வேறொரு வாசலுக்குப் போய்விடுவார்.

உபதலை கெம்பன் பின்னாலேயே போவார்.
பகலில் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
அவருடைய பாஸ் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே
படுதா போர்த்தி லாரியில் வந்ததை நானே பார்த்தேன்,
யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.
அதன் அடிக்கம்பி அதிர்ந்தபோது
ஏணியின் மூன்றாவது படி என் காலில் அதிர்ந்தது.
பொய்யில்லை.

வயலட் ஞானாதிக்கம், பள்ளியில் பாமாலை வாசிப்பவர்,
இருட்டில் ஒரு கட்டையைத் தவறித் தொட்டார்.
தவறென்று எனக்கே தெரிந்தது.
அவர் கையை எடுக்கவில்லை. மறுபடி அதையே தொட்டார்.
மூன்றாம் முறை
மற்ற கட்டைகளெல்லாம் இடம் மாறி
அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.
முன்வரிசையில் ஒருவர் சபாவில் இருப்பதுபோல்
அடடா என்றார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கமுத்துவைச் சொல்ல வேண்டும்.
மலை ரயிலின் மூன்றாம் பெட்டியில் பிரேக் பிடிக்கிறவர்.
பின்னாலிருந்து எஞ்சின் ஊதுவதைக் கேட்டே
எந்த வளைவில் எவ்வளவு பிடி, எப்போது விடு என்று
இருபது வருடம் கையில் ஊறியிருந்தது.
அவர் டிரம்ஸ் அடித்தார் என்றால் தப்பு.
பிடித்தார், விட்டார்.
மழை வலுத்தபோது முழுக்க விட்டுவிட்டார்,
கூரை வாசிக்கட்டும் என்று.
எவ்வளவு நேரம் கூரை மட்டும் என்று நான் எண்ணவில்லை.
பிறகு இருட்டில் ஒரே ஒரு தட்டு.
நாலு பேரும் ஒரே இடத்தில் இறங்கினார்கள்.
எங்கே இறங்குவதென்று
யாருக்கு யார் சொன்னது?

முடிந்தது. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.
நான் கேரியரை உள்ளே தள்ளினேன்.
பல்பு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி
தங்கள் குடை எதுவென்று தேடினார்கள்.
ஹூபர்ட் போணியைத் துடைத்து வைத்தார்.
நிரலில் அடுத்திருந்த வால்ட்ஸை வாசித்தார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.

பல் டாக்டர் இருதயசாமி ஒரு டேப் ரிக்கார்டரை
சுவர்ப் பிளக்கில் செருகியிருந்தார்.
பின்னால் அதைக் கேட்டவர்கள் சொன்னார்கள்:
ஓரிடத்தில் டிரம்பெட் மாடு கத்துவதுபோல் இழுத்து நிற்கும்,
அடுத்த நொடி வால்ட்ஸ்.
நடுவில் இருந்ததை அந்த நாடாவுக்குக் கொடுக்காதவன் நான்.
விளக்கைக் கொடுத்திருந்தால் நாடா ஓடியிருக்கும்.
எது பதிவாகியிருக்கும் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் ஏ.ஈ. லாக் புத்தகத்தைப் புரட்டி
எந்த மரம் என்று கேட்டார்.
சீகை என்றேன்.
கெம்பனின் பாஸ் எந்த மரத்தில் செய்ததென்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.