ஓடிய தூரம்

லாக் புத்தகத்தில் அதற்குப் பெயர் கிடையாது.
எண் மூன்று. பதினான்கு வருடம் அப்படித்தான் எழுதினேன்.
ஆறு டன், நான்கு சக்கரம், இரண்டடித் தண்டவாளம்.
நிறம் பச்சை என்கிறது பதிவேடு.
சுரண்டிப் பார்த்தவர் யாருமில்லை.
வெள்ளைக்கல் தூசி படிந்து
எங்களைப் போலவே
மாவுமில்லிலிருந்து வந்த மாதிரி நிற்கும்.

தை மாத விடியலில்
சேர்வராயன் மலைக்குளிர் இறங்கிவந்து
குழிக்குள் உட்கார்ந்திருக்கும்.
கழிவுப் பஞ்சில் தீ வைத்து
காற்றுக்குழாய் வாயில் காட்டுவார் அங்கமுத்து.
பிறகு கைப்பிடி.
சுற்றும்போது கட்டைவிரலும்
மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கம் இருக்கவேண்டும்.
மறந்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும்.
ஃபிட்டர் ஜமால்தீனின் மணிக்கட்டு
ஒருமுறை மறந்த மணிக்கட்டு.

பிடித்துக்கொண்டால் பேச்சில்லை.
எட்டு டப்பா, டப்பாவுக்கு முக்கால் டன்,
குழியிலிருந்து சூளைக்கு.
ஏற்றத்தில் ஆடுகள் முந்திப்போகும்.
கல் பொறுக்கும் பெண்கள்
கடைசி டப்பாவில் தூக்குப்போசியை மாட்டிவிட்டு
பக்கத்திலேயே நடந்து வருவார்கள்,
கதை பேசி முடிக்க நேரமிருக்கும்.

அந்த ஐப்பசியில்
நான்கு நாள் மழை நிற்கவில்லை.
பம்பு மோட்டார் புகைந்தது.
மறுநாள் தண்டவாளம் தண்ணீருக்குள் இறங்கி
எங்கோ போய்க்கொண்டிருந்தது.
புது மோட்டாருக்கு மனு போட்டேன்.
பதில் வருவதற்குள் ஜமால்தீன்
மூன்றாம் எண்ணை ஜாக்கி வைத்துத் தூக்கி
கட்டைகளின்மேல் உட்காரவைத்துவிட்டார்.
இடது பின்சக்கரத்துக்கும் பம்புக்குமாக
ஒரு பெல்ட்.
நழுவாமலிருக்கக் குங்கிலியப் பொடி.

பதினோரு நாள்.
சக்கரம் சுற்றியது, வண்டி நின்றது.
அங்கமுத்து இருக்கையில் ஏறி
எதிரிலிருந்த மண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஷிஃப்ட் தொடங்குமுன் ஹாரன் அடித்தார்.
"நகராத வண்டிக்கு எதுக்குங்க ஊதல்?"
சேறு வாரிக்கொண்டிருந்த பாவாயி கேட்டாள்.
"தண்ணி ஒதுங்கட்டும்னுதான்."

ஒதுங்கியது.
முதலில் சிக்னல் கம்பம், அப்புறம் ஏணிப்படிகள்,
ஒன்பதாம் நாள் கவிழ்ந்த ஒரு டப்பா,
அதற்குள் உயிரோடு இரண்டு கெளுத்தி.
எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை.
குழம்பு யார் வீட்டில் என்பதில்தான் சண்டை.

மார்ச் மாதம் தணிக்கைக் கடிதம் வந்தது.
எண் மூன்று, பதினோரு நாட்கள்,
ஓடிய தூரம்: பூஜ்யம்.
டீசல்: நானூற்றுப் பன்னிரண்டு லிட்டர்.
ஓடாத வண்டி எரித்தது எப்படி? விளக்குக.
தவறினால் ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
சக்கரத்தின் சுற்றளவு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று,
நாளுக்கு இருபது மணி நேரம்.
தரையில் விட்டிருந்தால் அது
கன்னியாகுமரி போய்த் திரும்பி
இன்னொரு முறையும் போய் வந்திருக்கும்.
அதை எழுதவில்லை, சிரிப்பார்கள்.
எழுதியது இது:
"ஓடிய தூரம் இருபத்திரண்டு அடி. கீழ்நோக்கி.
வண்டிக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடியது."

ஏற்கவில்லை. நிராகரிக்கவும் இல்லை.
ஆட்சேபம் நிலுவையில் என்று
வருடந்தோறும் ஒரு வரி வரும்,
நானும் வருடந்தோறும் அதே பதிலை
தேதி மாற்றி அனுப்புவேன்.
அங்கமுத்து சம்பளம் முழுதாக வந்தது.

தண்டவாளத்தில் திரும்ப இறக்கியபோது
அந்த ஒரு சக்கரம் மட்டும்
பெல்ட் தேய்த்துத் தேய்த்துக்
கண்ணாடியாகியிருந்தது.
சூளை மேட்டில் வழுக்கும்.
அங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு
மணல் நெம்புகோலை இழுப்பார்.
அன்றிலிருந்து லாக் புத்தகத்தில்
மணல் பத்தியில்
தினம் அரைக்கூடை கூடுதலாக எழுதுகிறேன்.

இன்னும் அதை யாரும் கேட்கவில்லை.