கணக்கில் வராத புள்ளி

முப்பத்திரண்டு அங்குலம்.
செக்காலை ரோட்டு கூரியர் ஆபீசிலிருந்து
கழனிவாசல் வரைக்கும், பின்னால் நான் பெட்டியை அணைத்துப் பிடிக்க,
ஸ்கூட்டரை இருபதில்தான் ஓட்டினார் தேனப்பன்.
பிள்ளைத்தாய்ச்சியைக்கூட யாரும்
இவ்வளவு பதனமாகக் கூட்டிப்போனதில்லை.

பாதிப் பணம் என்னுடையது. பாதி அவருடையது.
பகல் எனக்கு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் அவருக்கு.

முதல் நாள் எழுத்தெல்லாம் கசகசா.
மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து படித்தேன்.
நூற்றைம்பது சதவீதத்துக்கு ஏற்றியதும்
எக்ஸெல் பளிச்சென்று நின்றது.
பழைய கணக்கு சாஃப்ட்வேர் மட்டும்
கண்புரை விழுந்த மாதிரி கலங்கிக் கிடந்தது.
ஆனாலும் ஏப்ரலையும் மார்ச்சையும்
நகர்த்தாமல் ஒரே மூச்சில் பார்க்கிற சுகம் இருக்கிறதே!
பள்ளத்தூர்ப் பலகாரக் கடையின் ஒரு வருசம்
என் முன்னால் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அவர் பாடுதான் திண்டாட்டம்.
கிராபிக்ஸ் கார்டு பழசு.
முழுத் தெளிவில் வைத்தால் குதிரை ஓடாது,
ஒவ்வொரு குளம்பையும் யோசித்து யோசித்து வைக்கும்.
தெளிவைக் குறைத்தால் ஓடும்;
அப்புறம் இதை வாங்கியது எதற்கு என்று
முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

நாலாம் நாள் கண்டேன்.
வலப்பக்கம், மேலிருந்து ஒரு சாண் கீழே, கறுப்பாய் ஒன்று.
செம்மண் தூசி என்று துடைத்தேன். ஊதினேன்.
நகத்தால் மெல்லச் சுரண்டியும் பார்த்தேன்.
செத்த பிக்சல்.

தசமப் புள்ளியைவிடச் சின்னதுதான்.
தமிழில் அல்லவா வேலையைக் காட்டியது!
அதிரசம் என்ற வரி அதனடியில் வந்ததும்
ரகரத்தின் தலையில் ஏறிக்கொண்டது:
அதிர்சம்.
கொஞ்சம் உருட்டினேன். செலவு, செல்வு ஆயிற்று.
இன்னும் கொஞ்சம். வரவு, வர்வு.
செத்தது செத்த மாதிரி கிடக்கவில்லை.
உயிர்மெய் எதைக் கண்டாலும்
உயிரை உருவிக்கொண்டு
மெய்யை மட்டும் விட்டுவைக்கிறது.

அன்றிரவு அவரிடம் மூச்சு விடவில்லை.
எங்கும் பனி. குதிரையை விட்டு இறங்கி
துப்பாக்கியை நிமிர்த்தினார்.
“தூரத்துல ஒருத்தன் நிக்கிறான் பாரு.”
சுட்டார். அவன் நின்றான்.
“குறியை அந்தப் பக்கம் கொண்டுபோனா
அவனும் அதே அளவு தள்ளிப் போறான், களவாணி.”
எட்டுத் தோட்டா.
ஒன்பதாவதற்குள் முதுகுப் பக்கம் வந்த நிஜ எதிரி
அவரைச் சாய்த்துவிட்டுப் போனான்.
சிரிப்பை அடக்க முடியாமல் அப்போதுதான் சொன்னேன்.
அரை மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டோம்.
அஞ்சு புள்ளி செத்தால்தான் மாற்றித் தருவார்களாம்.
நெடுக்கையும் குறுக்கையும் பெருக்கிப் பார்த்தேன்:
எண்பத்திரண்டு லட்சத்துத்
தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு.
அதில் ஒன்று குறைகிறது.
ஒரு ரூபாய் உதைத்தால் விடியவிடிய
உட்கார்ந்து தேடுகிற எனக்கு
அந்தப் பையன் சொன்னான்,
“ஒண்ணெல்லாம் கணக்குல வராதுங்க மேடம்.”

இருபதாம் தேதி. ஜிஎஸ்டிக்குக் கடைசி நாள்.
ஒன்பது அடித்து வெகுநேரம்.
அவர் நாற்காலியோடு வந்து பக்கத்தில் நின்றார்.
திரையை நடுவில் பிரித்தோம்.
இடது எனக்கு, வலது அவருக்கு, புள்ளியோடு.
“பக்கம் மாத்திக்கலாமா?”
முடியாது. என் அதிரசம் இன்றைக்கு
அதிரசமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மேலே கிடந்த அதைப் பருந்து என்று வைத்துக்கொண்டார்.
பாதித் திரைக்கு அந்தக் கார்டு போதும் போல;
வாங்கியதிலிருந்து முதல் தடவையாக
குதிரை திக்காமல் ஓடியது.
என் பக்கம்தான்,
அரசாங்கத்தின் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.