அரைச் சுற்று

இக்கிக்கேயில் மழை பெய்யாது.
பலகை நனையுமோ என்ற பயம்
வேறு ஊர்க்காரர்களுக்கு.
எங்களுக்கு வாய்த்தது உப்பு.
விடியுமுன் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி
கதவுக் கீல், சைக்கிள் செயின்,
மாதா படம் மாட்டிய ஆணி
எதையும் விட்டுவைக்காது.
மிச்சத்தை மணல் பார்த்துக்கொள்ளும்.

அதனால் ஞாயிறு தவறாமல்
சமையல் மேசையில் பழைய துண்டை விரித்து
ஸ்கேட்போர்டைக் கவிழ்த்துப் போடுகிறேன்.
நாலு சக்கரம், எட்டு பேரிங்.
ஆலிவ் காய் தீர்ந்த பாட்டிலில் அசிட்டோன்.
மூடித் தகட்டை ஊசியால் நெம்பி எடுத்து
உள்ளே போட்டுக் குலுக்கினால்
காபிக் கசடுபோல்
ஒரு வாரம் அடியில் இறங்குகிறது:
கடற்கரைச் சாலை,
மீன்மாவு ஆலையின் வாசல்,
செவ்வாய்க்கிழமை நான் விழுந்த வளைவு.

காய வேண்டும். முழுக்கக் காய வேண்டும்.
பிறகு தையல் மெஷின் எண்ணெய்,
ஒன்றுக்கு ஒரே சொட்டு.
இரண்டாவது சொட்டு மணலுக்கு விருந்து.
இதை யெர்க்கோவிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்.
அவனோ கதவுக்கு அடிக்கும் ஸ்பிரேயோடு வருவான்.
ஒரு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும்,
மறுநாள் கத்தும்.
"உன் சம்பள நாள் மாதிரி" என்பேன்.

வாடகை பாதி, பலகையும் பாதி.
நாற்பத்தாறாயிரம் பேசோ, ஆளுக்கு இருபத்துமூன்று.
எனக்குப் பகலில் பேக்கரிக் கல்லா,
அவனுக்கு இரவில் துறைமுகக் கிடங்கு.
காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும்
வாசலில் கைமாறும்.
எனக்கு முன்னால் இடது கால், அவனுக்கு வலது.
திரும்பலாமா என்று நினைத்தாலே
திரும்பிவிட வேண்டும் எனக்கு.
அவனுக்கு டிரக் இறுகியிருக்க வேண்டும்,
சுவர்போல.
காலையில் நான் அரைச் சுற்று தளர்த்துவேன்.
மாலையில் அவன் அரைச் சுற்று இறுக்குவான்.
ஒரு வருஷம்.
மரை தேய்ந்து நட்டு வழுக்கியபோது
ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம்.
புது நட்டு முந்நூறு பேசோ,
சண்டை மூன்று நாள்.

மார்ச்சில் அவனுக்குச் செம்புச் சுரங்கத்தில் வேலை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
மூச்சு வாங்காமல் படியேறுவதே பெரும்பாடாம்.
லாரிச் சக்கரம் இரண்டு ஆள் உயரமாம்.
"போர்டை நீயே வச்சுக்கோ" என்றான்.
பாதிப் பணத்தைப் பற்றி அவன் பேசவில்லை.
நானும் பேசவில்லை.

இந்த ஞாயிறு துடைக்கும்போதுதான் பார்த்தேன்.
சக்கரங்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தன.
ஸ்கேலை வைத்து அளந்தேன்:
என் குதிகால் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு.
போன வருஷம் முழுக்க இப்படி ஆனதில்லை.
என் கைப்பக்குவம் என்று நினைத்து
பேக்கரியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.
நான் பகலில் தின்றதற்கு எதிர்ப்பக்கத்தை
இரவெல்லாம் அவன் தின்றிருக்கிறான்,
கணக்கு நேராகும்படி,
அவனுக்கே தெரியாமல்.

மாற்றிப்போட்டால் சரியாகிவிடும்.
முன் இடது பின் வலதுக்கு,
முன் வலது பின் இடதுக்கு,
தேய்ந்த முகம் உள்ளே போகட்டும்.
அச்சு நட்டைக் கடைசிவரை முறுக்கக் கூடாது.
சக்கரத்தை ஆட்டினால்
டக் என்று கேட்க வேண்டும்.
டிரக் குழியில் கிறீச்சிடுவதற்குக் கொஞ்சம் சோப்பு.
புஷ்ஷிங் ரப்பரில் முடிபோல ஒரு விரிசல்,
அடுத்த மாதம் பார்க்கலாம்.

நடு நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.
தளர்த்த ஒன்றுமில்லை.
நான் விட்ட இடத்திலேயே இருக்கிறது
ஐந்து வாரமாக.
இறுக்கிப் பார்த்தேன், அரைச் சுற்று.
ஏறி நின்றேன் சமையலறையில்.
சகிக்கவில்லை.
எப்படித்தான் ஓட்டினானோ!

திரும்பவும் தளர்த்திவிட்டு
பேரிங்குகளை எண்ணினால் ஏழு.
முழங்காலிட்டு
மேசைக்கடியில் தேடுகிறேன்.
அடுப்போரம் பூனை
எதையோ தட்டித் தட்டி விடுகிறது.
சத்தமே இல்லாமல்
வெகுநேரம் சுழல்கிறது அது.